மழலையும் மேடையும்

நள்ளிரவு. காவிரிக்கரை ஊரொன்றின் தேரடி. வாணங்கள் வெடித்து ஓய்ந்துவிட்டன. புகை மட்டும் புன்னைக் கிளைகளிடையே கலையாமல் நின்றது. சாமி பார்க்க நான் செல்லவில்லை. கும்பகோணத்திலிருந்து திரும்பும் வழியில் திருவிழாக் கூட்டம் சாலையை மறித்துக்கொண்டது, பேருந்து நின்றது, இறங்கினேன். அவ்வளவுதான் என் பக்தி! ஆனால் தோடி கேட்டது. காதுக்கு ஆத்திகமும் தெரியாது, நாத்திகமும் தெரியாது. கால்கள் தாமாகவே கூட்டத்துக்குள் நடந்தன.

நாகசுரம் ஓய்ந்ததும் தவில் தனி எழுந்தது. தவில்கள் இரண்டு. ஒன்றை முழக்கியவர் நரைத்த தலையினர். மற்றொன்றை முழக்கியவன் சிறுவன். பத்து வயதுக்குமேல் மதிக்க முடியாது. பலாமரத்தில் குடைந்த அந்தக் கருவியின் பாரம் அவன் தோளைக் கீழே இழுத்திருந்தது. வலக்கை விரல்களிலே கூடுகள், இடக்கையிலே பூவரசங்கழி. பெரியவர் ஒரு கணக்கை வீசுவார். சிறுவன் அதைப் பிடித்து, உடைத்து, வேறு வடிவில் வார்த்துத் திருப்பி வீசுவான். கூட்டம் ஆர்ப்பரித்தது. பரவசப்பட்ட ஒருவர் நூறு ரூபாய்த் தாளும் குண்டூசியுமாக முன்னே பாய்ந்தார். குத்துவதற்குச் சிறுவனின் உடலிலே சட்டை இல்லை. சற்றே திகைத்து, தவிலின் வாரிலே செருகிவிட்டுத் திரும்பினார்.

“பூர்வஜென்ம வாசனை, ஐயா! இல்லாவிட்டால் இந்த வயதில் இது வருமா?” என்றார் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர்.

அரைமணி கழித்து அடுத்த தெருமுனையில் ஊர்வலம் இளைப்பாறியபோது, அந்தப் பூர்வஜென்ம வாசனை தவில்மீது தலைசாய்த்து உறங்கிக்கொண்டிருந்தது. அருகில் அமர்ந்திருந்த தந்தையிடம், “தம்பி எந்த வகுப்புப் படிக்கிறான்?” என்று கேட்டேன்.

“அஞ்சாவதோட நிறுத்தியாச்சுங்க. கையில வித்தை இருக்கு, பொழச்சுக்குவான்” என்றார். குரலிலே பெருமை இருந்தது. பெருமைக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அவரைக் குறைகூற எனக்கு வாய் வரவில்லை. வாரில் செருகிய அந்தத் தாள் மறுநாள் அவர் வீட்டில் அரிசியாக மாறவேண்டிய தாள்.

ஆனால் கேள்வி என்னுடன் பேருந்து ஏறிவந்தது. ஒரு குழந்தையின் திறமை யாருடைய உடைமை? அதை எடுத்து மேடையிலே வைக்கவும், விலை பேசவும், கைதட்டல் வாங்கவும் உரிமை பெற்றவர் யார்?

நம் நாடு இதற்குப் பலகாலமாக ஒரு விடை வைத்திருக்கிறது: ஆண்டவன் கொடுத்தது, ஆண்டவனுக்கே உரியது! சீர்காழிக் குளக்கரையிலே மூன்று வயதுப் பிள்ளை ஞானப்பால் உண்டு பாடினான் என்ற கதையைக் கேட்டு வளர்ந்த மண் அல்லவா இது? அந்தப் பிள்ளையின் பாடல்களை யாழிலே இசைத்தபடி ஊரூராக உடன் நடந்தவர், பாணர் குலத்துத் திருநீலகண்ட யாழ்ப்பாணர். வாழ்நாள் முழுதும் நரம்பிலே விரலைத் தேய்த்த உழைப்பாளி. தருமபுரத்திலே பிள்ளை பாடிய பாட்டு யாழுக்கு அடங்கவில்லையாம், யாழ்ப்பாணர் தம் கருவியையே உடைக்க ஓங்கினாராம், பிள்ளை தடுத்தாராம். பெரிய புராணம் சொல்லும் கதை இது. கதையை நம்புவோர் நம்பட்டும். அதிலே அடங்கியுள்ள மதிப்பீட்டைப் பாருங்கள்: பழகாமல் வந்தது பெரிது, பழகி வந்தது சிறிது! அற்புதத்துக்குக் கோயில், உழைப்புக்கு உடைந்த யாழ்! அந்த மனநிலைதான் அன்று தேரடியில் என் பக்கத்தில் நின்று, பூர்வஜென்மம் என்றது.

அற்புதம் என்பதை அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது? தஞ்சை அரசவைக் கலைஞர் பாப்பம்மாளின் வழிவந்தவர் பாலசரசுவதி. 1918இல் பிறந்தார்; 1925இல், 7 வயதில், காஞ்சிபுரத்திலே அரங்கேறினார். கேட்டவர்க்கு வியப்பு! ஆனால் பாட்டி வீணை தனம்மாள். தாய் ஜயம்மாள் பாடகி. ஆசான் தஞ்சை நால்வர் மரபில் வந்த கந்தப்பா. நான்கு வயதிலேயே கடும் பயிற்சி தொடங்கிவிட்டது. தொட்டிலிலே தூங்கும்போதும் காதிலே இராகம். அந்த வீட்டிலே பிறந்த குழந்தைக்கு இசை என்பது தாய்மொழி. தாய்மொழியை நான்கு வயதிலே சரளமாகப் பேசும் குழந்தையைப் பார்த்து, முற்பிறவியில் கற்றது என்று யாரேனும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்களா? மேதையிடம் பிறவியிலேயே ஏதோ ஒரு கூர்மை இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. அந்தக் கூர்மை எத்தனை சேரிக் குழந்தைகளிடம் இருந்து, தீட்டுவார் இல்லாமல் துருப்பிடித்தது என்பதற்கு மட்டும் எந்தப் புராணத்திலும் கணக்கில்லை.

அருள் என்ற விடை தளர்ந்தவுடன் அடுத்த விடை வருகிறது: குலத்தின் உடைமை! மேளக்காரர் மகன் மேளம் அடிப்பான்; அது அவன் இரத்தத்தில் இருக்கிறது என்பார்கள். இந்த விடைதான் 1953இல் சென்னை மாநிலத்திலே அரசாங்கத் திட்டமாகவே வந்தது. ஆச்சாரியார் ஆட்சியில், கிராமத்துப் பிள்ளைக்கு அரைநாள் பள்ளி. மீதிநாள் அப்பன் தொழில். குலக்கல்வி என்று நாடு அதற்குப் பெயரிட்டது, கொதித்தெழுந்தது, 1954இல் காமராசர் பொறுப்பேற்றதும் அது குழியில் இறக்கப்பட்டது. இந்த வரலாற்றை நம் இளைஞருக்கு நான் விரித்துரைக்கத் தேவையில்லை. ஆனால் அன்று எதிர்ப்பாளரை நோக்கி எழுந்திருக்கக்கூடிய ஒரு கேள்விக்கு நாம் இன்னும் முழு விடை சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். “செருப்புத் தைப்பதைப் பதினெட்டு வயதில் கற்கலாம், தவிலைக் கற்க முடியுமா? விரல் இளசாக இருக்கும்போதே வளைக்க வேண்டாமா? பள்ளி, கல்லூரி என்று எல்லாப் பிள்ளைகளையும் அனுப்பிவிட்டால் காவிரிக்கரையில் தோடி யார் வாசிப்பது?”

இதை ஏளனம் செய்து தள்ளுவது எளிது, நேர்மையன்று. இசை இளமையிலே தொடங்க வேண்டிய கலைதான். காதும் விரலும் இளமையில் பெறும் பழக்கம் பிற்காலத்தில் அவ்வளவு எளிதில் வாய்ப்பதில்லை. நாகசுரம் பயிலும் பிள்ளை முதலில் தாளம் போடுவான், ஒத்து ஊதுவான். வருடக்கணக்கில் மூச்சைப் பிடித்துப் பழகுவான். ஆகவே, கல்லூரி முடித்துவிட்டு வா, கற்றுத்தருகிறேன் என்று சொல்ல முடியாது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தொடங்குவது வேறு, மேடையேற்றுவது வேறு, அதையே வாழ்வாகக் கட்டிவைப்பது முற்றிலும் வேறு. நரசிங்கம்பேட்டையிலே ஆச்சா மரத்தைக் கடைந்து நாகசுரம் செய்கிறார்கள். அதன் உயிர் சீவாளி. காவிரிக்கரைக் கொறுக்கைத் தட்டையை வெட்டி அதைச் செய்கிறார்கள். வெட்டிய தட்டையை அன்றே வாயில் வைத்து ஊதுவாருண்டா? உலர்த்துவர், வேகவைப்பர், பக்குவம் வரும்வரை காத்திருப்பர். பால்பிடிக்கும் பருவத்திலே கதிரை அறுத்து நெல்லென்று களத்துக்குக் கொண்டுவரும் உழவனும் தஞ்சையில் இல்லை. புல்லுக்கும் நெல்லுக்கும் கொடுக்கும் காலத்தைப் பிள்ளைக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்?

திருவிடைமருதூரிலே 1926இல் பிறந்த மகாலிங்கம் என்ற சிறுவனை நினைத்துக்கொள்கிறேன். உறவினர் ஜால்ரா கோபாலய்யரிடம் வாய்ப்பாட்டுப் பயின்றான். புல்லாங்குழலைத் தானாகவே கைக்கொண்டான். 1933இல், 7 வயதில், மயிலாப்பூர் விழாவிலே வாசித்தான். மூத்த வித்துவான்கள் மூக்கில் விரல் வைத்தனர். மாலி என்ற பெயரில் குழலிசைக்கே புதிய இலக்கணம் எழுதிய மேதை அவர். ஆனால் வளர்ந்தபின், அரங்கம் நிறைந்திருக்க, வராமல் போவார்; வந்தால் இடையிலே எழுந்து போவார்; குழலை உறையிலிட்டு நடந்துவிடுவார். இரசிகர்கள் அதைப் பித்து என்றனர். சிலர் அதையும் தெய்விகம் என்றனர்! 1986இல் மறைந்தார். அவர் உள்ளத்தில் என்ன இருந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? எனினும் என் மனம் ஒன்றைக் கேட்காமலிருக்க மறுக்கிறது: 7 வயதிலே “வாசிக்க விருப்பமா?” என்று எந்தக் குழந்தையையும் கேட்பாரில்லையே, கேட்கப்படாத அந்தக் கேள்விக்கு நாற்பது வயதிலே ஒருவர் மேடையில் விடை சொன்னால் அது எப்படியிருக்கும்?

அதே காவிரிப் படுகையில், திருக்குவளையிலே, 1924இல் பிறந்த வேறொரு சிறுவனும் இருந்தான். இசை வேளாளர் வீடு. நாகசுரம் பயில அனுப்பினர். சட்டை போடக்கூடாது, துண்டு தோளில் கிடக்கக்கூடாது, இடுப்பிலே கட்டவேண்டும், பெரிய மனிதர் எதிரே அடங்கி ஒடுங்கி நிற்கவேண்டும். இராகத்தோடு சேர்த்து இந்தப் பாடமும் அங்கே கற்பிக்கப்பட்டது. சிறுவன் நாகசுரத்தைக் கீழே வைத்துவிட்டான். திருவாரூர்ப் பள்ளிக்கூடத்துப் படியேறினான். பின்னாளில் ஐந்துமுறை முதலமைச்சராக இருந்த கலைஞர், ‘நெஞ்சுக்கு நீதி’யில் இதைப் பதிந்திருக்கிறார். அவர் முதலமைச்சரானதை நான் இங்கே சான்றாகக் காட்டவில்லை. கருவியைக் கீழே வைத்த எல்லாரும் கோட்டைக்குச் செல்வதில்லை. அவரால் கீழே வைக்க முடிந்தது, அதுவே சான்று. வைத்துவிட்டுப் போவதற்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது.

கீழே வைக்கும் உரிமை! கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஒரு பிள்ளை மேடையேறலாமா கூடாதா என்பதை வயதைக்கொண்டு மட்டும் அளக்க முடியாது. நாளைக்கு அவன், அல்லது அவள், “போதும்” என்று கருவியைக் கீழே வைத்தால் வீட்டில் அடுப்பு எரியுமா? பள்ளியில் இடம் இருக்குமா? தந்தையின் முகம் மாறாமல் இருக்குமா? இருக்குமானால் 7 வயதில் வாசிக்கட்டும், கேட்டு மகிழ்வோம். இல்லையேல் அங்கே நாம் கேட்பது சங்கீதம் போலத் தோன்றினும், கட்டிப்போட்ட ஒரு குழந்தையின் குரலைத்தான் கேட்கிறோம்.

இந்த உரிமைக்கு மறுபுறமும் உண்டு. கீழே வைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாமலிருக்கும் உரிமை! ஐரோப்பாவில் மொசார்ட் என்ற மேதையின் கதை நம்மவர் அறிந்ததே. 1756இல் பிறந்தவரை 6 வயதிலிருந்தே தந்தை லியோபோல்டு அரண்மனை அரண்மனையாக அழைத்துச் சென்றார். இலண்டனில் பிள்ளையின் வயதிலே ஓராண்டைக் குறைத்து விளம்பரம் செய்தார். எட்டைவிட ஏழு நன்றாக விலைபோகும் அன்றோ! அந்தப் பயணங்களில் உடன் வாசித்த இன்னொரு குழந்தையை உலகம் மறந்துவிட்டது. அக்கை நானெர்ல். அவளும் கேட்டவர் வியந்த கலைஞரே. 1769இல் தம்பி இத்தாலிக்குப் புறப்பட்டான். பதினெட்டு வயதை எட்டிய அக்கை வீட்டிலே விடப்பட்டாள். பெண் அல்லவா! தம்பியைக் கேட்காமல் மேடையேற்றிய கைதான் அக்கையைக் கேட்காமல் இறக்கியது.

நம் இயக்கத்தாரும் இவ்விடத்தில் தம்மை நோக்கி ஒரு வினா எழுப்பிக்கொள்வது நல்லது. பொட்டுக்கட்டும் கொடுமையை 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. ஒழித்தது மிகவும் சரி. அந்தக் கொடுமையின் உள்ளிருந்தே வெளிவந்து, 1936இல் ‘தாசிகளின் மோசவலை’யை எழுதி, அதன் வேரை வெளியே இழுத்துப்போட்டவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், காவிரிக்கரைக்காரர். ஆனால் அந்தக் காற்றிலே கலையையும் கறை என்றவர்கள் இருந்தனர். பாலசரசுவதி அந்தக் காற்றுக்கு எதிரே நின்றார். “இது என் கலை, நான் ஆடுவேன்” என்பதுதான் அவர் வாழ்வு முழுதும் சொன்ன செய்தி; உலகமெங்கும் ஆடினார்; 1977இல் பத்மவிபூசண் பெற்றார். 7 வயதிலே கேட்காமல் ஏற்றப்பட்டிருக்கலாம். வளர்ந்தபின் தாமே விரும்பி நின்றார். அவரை மூடநம்பிக்கையின் பிரதிநிதி என்று எளிதாக ஒதுக்கியவர், கொடுமையை எதிர்த்த வேகத்தில் ஒருத்தியின் விருப்பத்தையும் மிதித்தனர் என்றுதான் சொல்வேன்.

விட்டுச்செல்வதும் வேண்டாம், குனிந்து கிடப்பதும் வேண்டாம் என்று மூன்றாவது வழி கண்டவரும் உண்டு. திருவாவடுதுறை இராசரத்தினம், 1898இல் பிறந்தவர்; கிராப்பு வைத்தார், கோட்டு அணிந்தார், நாகசுரக்காரரும் மற்ற வித்துவான்களுக்கு இணையாக மேடையில் அமர்வார் என்று வாதாடி வென்றார். கானாடுகாத்தானில் சிவக்கொழுந்து என்ற நாகசுரக் கலைஞரின் தோள்துண்டை எடுக்கச் சொன்னபோது, எடுக்காதே என்று பக்கத்திலே நின்றவர் பட்டுக்கோட்டை அழகிரி. இசை மேலானது என்று ஆலாபனை செய்தவர்கள், இசைத்தவனின் தோளிலே ஒரு முழத் துணியைப் பொறுக்கவில்லை! இந்த வரலாறெல்லாம் முடிந்த கதை என்று எண்ணித்தான் அன்று தேரடியில் நின்றேன். குண்டூசியோடு திகைத்த அந்த இரசிகர் என் எண்ணத்திலும் குத்திவிட்டார்.

சட்டம் என்ன செய்கிறது? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளி உண்டு என்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது, 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைத்தல் குற்றம், நன்று. ஆனால் இரண்டு சாளரங்களைத் திறந்துவைத்தார்கள். ஒன்று, திரைப்படம், தொலைக்காட்சி போன்றவற்றில் தோன்றும் குழந்தைக் கலைஞர்க்கு. அதற்கேனும் விதி உண்டு: நாளுக்கு 5 மணிநேரத்துக்கு மேற்படாது, வருமானத்தில் 20 விழுக்காடேனும் குழந்தையின் பெயரில் வைப்புநிதி. மற்றொன்று, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்பது. 1953இல் வாசல் வழியே விரட்டியது இந்தச் சாளரத்தின் வழியே எட்டிப்பார்க்கிறது. தொலைக்காட்சியில் பாடும் குழந்தைக்கு நேரக்கணக்கு உண்டு. நள்ளிரவிலே தெருவில் தவில் சுமக்கும் குழந்தை ‘குடும்பத்துக்கு உதவுகிறான்’!

இன்னொன்று. பல மாவட்டங்களில் அரசு இசைப்பள்ளிகள் உள்ளன, நல்ல முயற்சி. அவற்றின் சேர்க்கை அறிவிப்புகளைப் படித்திருக்கிறேன். வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், பரதம் பயில ஏழாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். நாகசுரம், தவிலுக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். இரக்கத்தால் எழுதிய விதி என்றே கொள்வோம். பள்ளியை விட்ட பிள்ளையை அணைத்துக்கொள்ளும் நோக்கம் என்றே கொள்வோம். ஆயினும் அந்த விதிக்குள்ளே ஒரு எதிர்பார்ப்பு உறங்குகிறது: வயலின் பிடிக்கும் பிள்ளை படித்திருப்பான், தவில் பிடிக்கும் பிள்ளை படித்திருக்கமாட்டான்!

நகரத்து வீடுகளில் நிலைமை வேறு. அங்கேயும் பிஞ்சுகள் மார்கழி மேடையேறுகின்றன. பத்தாம் வகுப்புவரை பரிசும் படமும். பிறகு தேர்வுப் பயிற்சி. கல்லூரி வாசலில் வீணை உறைக்குள் போய்விடும். கலை கெட்டது என்று அதைக் குறித்துப் புலம்புவோர் உண்டு. எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. அந்தப் பிள்ளை கீழே வைத்தது. மீண்டும் எடுக்கவும் கூடும். ஒரு வீட்டில், கல்லூரி வரும்வரை இசை. இன்னொரு வீட்டில், இசை வந்ததாலேயே கல்லூரி இல்லை. இரண்டையும் ‘இளம் மேதை’ என்ற ஒரே சொல்லால் வாழ்த்துகிறோமே, அதுதான் உறுத்துகிறது.

இவ்விரண்டையும் இணைக்க முடியாதா? முடியும் என்று காட்டியவர் ஒருவர் உண்டு. யெகுதி மெனுகின், 7 வயதிலேயே அமெரிக்காவில் வயலின் வாசித்துப் புகழ்பெற்றவர்; வீட்டிலேயே பாடம் பயின்றவர். 1963இல் இங்கிலாந்தில் அவர் ஒரு பள்ளி தொடங்கினார். இசையும் பொதுக்கல்வியும் ஒரே கூரையின்கீழ். இளமையில் மேடைகண்ட அவர் பின்வரும் பிள்ளைகளுக்கு அமைத்துத் தந்தது மேடையன்று, பள்ளிக்கூடம்! நம் படுகையில் திருவையாற்றிலே 1965 முதல் அரசு இசைக்கல்லூரி இருக்கிறது. மேலே கல்லூரி, கீழே கோயில் தெரு. நடுவிலே, ஐந்தாம் வகுப்புக்கும் கல்லூரிக்கும் இடையே, காலையில் கணக்கும் மாலையில் தவிலும் கற்பிக்கும் உறைவிடப் பள்ளி ஒன்று நரசிங்கம்பேட்டைப் பக்கம் எழுந்தால் என்ன? எந்தக் குலத்துப் பிள்ளையும், பெண்பிள்ளையும், வந்து ஊதலாம் என்று கதவைத் திறந்துவைத்தால் என்ன?

மூவலூர் அம்மையார் பெயரால் 2022இல் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய். இசைவீட்டுப் பெண்ணொருத்தியின் பெயர் ஆயிரமாயிரம் பெண்களைக் கல்லூரிக்கு அழைத்துச் செல்கிறது! 2024இல் ஆண்பிள்ளைகளுக்கும் இத்தகைய திட்டம் வந்தது. ஆனால் ஆறாம் வகுப்பு வாசலையே மிதிக்காத அந்தத் தேரடிச் சிறுவனுக்கு அந்த ஆயிரம் ரூபாய் எப்படி எட்டும்?

அன்று பேருந்து கிளம்ப மேலும் கால்மணி ஆயிற்று. சிறுவன் விழித்துக்கொண்டான். “சற்றுமுன் உடைத்து வாசித்தாயே, அந்தக் கணக்கு யார் சொல்லித் தந்தது?” என்றேன். “யாரும் இல்லீங்க, வகுத்துப் பார்த்தா வரும்” என்று தரையிலே விரலால் கோடு போட்டுக் காட்டினான். ஏழுக்குள் மூன்று எத்தனைமுறை சுற்றி எந்த இடத்தில் வந்து சேரும் என்று அவன் சொல்லச் சொல்ல, எனக்குத்தான் இடையிலே தப்பிப்போயிற்று. சிரித்தான். பிறகு, தந்தை தேநீர் வாங்க எழுந்துபோனதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டான்:

“ஆறாவதுல கணக்கு என்னங்க சொல்லித் தருவாங்க?”

நான் வாய் திறப்பதற்குள் நாகசுரம் எழுந்துவிட்டது. அவன் விரல்களில் கூடுகளை ஒவ்வொன்றாக மாட்டத் தொடங்கினான்.